வொர்க்‌ஷாப்பில் நிற்கும் கார்: தாமதத்தைக் கையாளும் வழிகள்

வொர்க்‌ஷாப்பில் விட்ட கார் சொன்ன நாளில் கிடைக்காமல் போவதற்கு, வேலை பெரிதாக இருப்பது அரிதாகவே காரணமாகிறது. கிளட்ச் பிளேட் மாற்றுவது பெரும்பாலான கார்களில் ஒரு நாள் வேலை. முன்பம்பரை மாற்றிப் பெயிண்ட் அடிக்க இரண்டு மூன்று நாட்கள் போதும். அதே கார் மூன்று வாரம் நிற்கிறதென்றால், மீதி நாட்களில் அது எதற்காகவோ காத்திருக்கிறது: வர வேண்டிய பாகத்துக்காக, காப்பீட்டு சர்வேயரின் ஒப்புதலுக்காக, லேத்துக்குப் போன சிலிண்டர் ஹெட்டுக்காக, சில சமயம் உரிமையாளரே சொல்ல வேண்டிய சம்மதத்துக்காக. "வண்டி எப்போ கிடைக்கும்?" என்று கேட்டால் "நாளைக்கு ரெடி சார்" என்ற பதில்தான் வரும். "வண்டி இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது? அடுத்த வேலை யார் கையில் இருக்கிறது?" என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். தாமதத்துக்கான மருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறுபடும்.

நாட்கள் எங்கே போகின்றன

பழுதுபார்ப்பு பொதுவாக ஆறு கட்டங்களைக் கடக்கிறது.

1. வரிசை. வண்டி உள்ளே வந்துவிட்டாலும் வேலை செய்யும் இடமோ மெக்கானிக்கோ ஓய்வாக இல்லாத காலம் இது. ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் வரிசை நீளும். பண்டிகைக்குப் பின் ஊருக்குப் போன வேலையாட்கள் திரும்பும் வரையிலும் அப்படித்தான்.

2. பழுதைக் கண்டறிதல். தொடர்ந்து இருக்கும் கோளாறு விரைவில் பிடிபடும். எப்போதாவது தலைகாட்டும் கோளாறு, குறிப்பாக வயரிங், சென்சார் சார்ந்தது, நாட்களை விழுங்கும்.

3. ஒப்புதல். எஸ்டிமேட்டுக்கு உரிமையாளரின் சம்மதம், காப்பீட்டு வேலையானால் சர்வேயரின் அனுமதி, வாரண்டி வேலையானால் தயாரிப்பு நிறுவனத்தின் அனுமதி.

4. பாகம். நீண்ட தாமதங்களில் பெரும்பங்கு இங்கேதான்.

5. வேலை. வெளியே அனுப்பிச் செய்யும் வேலைகளும் இதில் அடங்கும்: ஹெட் ஃபேஸிங், போரிங், கிராங்க் கிரைண்டிங், ரேடியேட்டர், ஏசி.

6. ஓட்டிப் பார்த்தல், வாட்டர் வாஷ், பில், டெலிவரி.

இவற்றில் சில தாமதங்கள் நியாயமானவை. டிங்கரிங் முடிந்த இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, நிறம் அடித்து, அதன்மேல் கிளியர் கோட் அடிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் காய்ந்த பிறகே அடுத்தது. சூடேற்றும் வசதியுள்ள பெயிண்ட் பூத் இல்லாத பட்டறைகளில், வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரக்காற்றில் பெயிண்ட் சீக்கிரம் காயாது. அவசரப்படுத்தினால் பளபளப்பு மங்கும், சில மாதங்களில் பட்டி உப்பிக்கொண்டு வரும். இன்ஜின் பிரித்த வண்டிக்கும் இதே நிலைதான்: லேத்தில் இருந்து வந்த பாகத்தை அளந்து பார்க்காமல் பூட்டினால், வண்டி சீக்கிரம் கிடைக்கும், சீக்கிரமே திரும்பவும் வரும். ஆகவே 5-ஆம் கட்டத்தில் விரட்டுவதால் லாபமில்லை. 1, 3, 4, 6 ஆகியவற்றில் கேள்வி கேட்பதே பலன் தரும்.

வண்டியை விடும்போதே செய்ய வேண்டியவை

பின்னாளில் தாமதத்தைப் பற்றிப் பேச இருக்கும் ஒரே பிடி ஜாப் கார்டு. சர்வீஸ் அட்வைசர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அதற்கு முன் அதில் ஐந்து விவரங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: விட்ட தேதியும் நேரமும், ஓடிய கிலோமீட்டர், எரிபொருள் அளவு, குறைகளின் பட்டியல், டெலிவரி தேதி. "கூடிய விரைவில்" என்பது தேதி ஆகாது. பாகம் வந்த பிறகே சொல்ல முடியும் என்றால், "பாகம் வந்த நாளில் இருந்து 2 வேலை நாட்கள்" என்றாவது எழுதி வாங்கலாம்.

குறையை எழுதும் விதமே ஓரிரு நாட்களை மிச்சப்படுத்தும். "சத்தம் வருது" என்று மட்டும் எழுதினால் மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்ப்பார், சத்தம் கேட்காது, வண்டி ஓரமாக நிற்கும். "காலையில் முதல் முறை ஓட்டும்போது, இடதுபக்கம் திருப்பினால் முன் இடது சக்கரத்தில் கடகடவென்று சத்தம், வண்டி சூடானதும் குறைகிறது" என்று எழுதினால், எங்கே கைவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சத்தத்தையோ டாஷ்போர்டில் எரியும் விளக்கையோ மொபைலில் பதிவு செய்து கொடுப்பது இன்னும் நல்லது.

ஒப்புதலுக்கு ஆகும் நாட்களையும் முன்கூட்டியே குறைக்கலாம். எஸ்டிமேட்டைத் தாண்டி இத்தனை ரூபாய் வரை கேட்காமலே வேலை செய்யலாம், அதற்கு மேல் போனால் போன் செய்ய வேண்டும் என்று ஒரு வரம்பைக் குறிப்பிட்டுவிட்டால், 800 ரூபாய் ரப்பர் புஷ்ஷுக்காக வண்டி ஒரு நாள் நிற்காது. மாற்றிய பழைய பாகங்கள் வேண்டுமென்றால் அதையும் அப்போதே எழுத வேண்டும். வண்டியின் நான்கு பக்கமும், உள்பகுதியும், ஸ்டெப்னியும், ஓடோமீட்டரும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்வது, நாள் கணக்கில் நின்ற பின் "இந்தக் கீறல் முன்னாடியே இருந்தது" என்ற வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

வாரண்டி முடியும் தறுவாயில் உள்ள வண்டிக்கு ஜாப் கார்டு இன்னும் முக்கியம். வாரண்டி காலத்துக்குள் எழுத்தில் ஏறிய குறையை, பாகம் வர இரண்டு மாதம் ஆனபின் "வாரண்டி முடிந்துவிட்டது" என்று தள்ளிவிடுவது எளிதல்ல. வாயால் மட்டும் சொன்ன குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஓடுகிற வண்டியை நிறுத்திவைக்க வேண்டாம்

பாகம் வர நாளாகும் என்று தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்பதுதான். பவர் விண்டோ மோட்டார், கதவுப் பூட்டு, பம்பர், ஏசி போன்றவற்றுக்காக வண்டியை விட்டுவைக்கத் தேவையில்லை. ஆர்டர் போடச் சொல்லி, கேட்டால் முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, வண்டியை ஓட்டிவந்துவிடலாம். பாகம் வந்ததும் நேரம் வாங்கிக்கொண்டு விடலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், எரிபொருள் கசிவு, இன்ஜின் சூடேறுதல் ஆகிய கோளாறுகளுக்கு இது பொருந்தாது. அந்த வண்டிகள் நின்றே ஆக வேண்டும்.

இதோடு ஒட்டிய விதி: பாகம் கைக்கு வரும் முன் வண்டியைப் பிரிக்க அனுமதிக்கக் கூடாது. பழுதைக் கண்டறியப் பிரிப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் எந்தப் பாகம் என்பது முடிவான பிறகும், "பிரிச்சு வைச்சிடறோம், பார்ட்ஸ் வந்ததும் மாட்டிடலாம்" என்பது வொர்க்‌ஷாப்புக்குத்தான் வசதி. கழற்றிப் போட்ட வண்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோவது கடினம். நட்டும் போல்ட்டும் கிளிப்பும் நாளடைவில் காணாமல் போகும். உரிமையாளரின் பேரம் பேசும் பலமும் அதோடு போய்விடும்.

பாகத்துக்காகக் காத்திருக்கும்போது

"ஆர்டர் போட்டாச்சு" என்பது சரிபார்க்க முடியாத வாக்கியம். அதைச் சரிபார்க்கக் கூடியதாக மாற்ற மூன்று விவரங்கள் வேண்டும்: பாகத்தின் எண், ஆர்டர் எண், ஆர்டர் போட்ட தேதி. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இவை கணினியில் இருக்கும். கேட்டால் சொல்ல முடியும். சொல்லத் தயங்கினால், பெரும்பாலும் ஆர்டர் இன்னும் போகவில்லை என்று பொருள்.

பாக எண் கையில் கிடைத்தால் வேறு வழிகளும் திறக்கும். அதே நிறுவனத்தின் பக்கத்து ஊர் டீலரிடம் அது இருப்பில் இருக்கலாம். இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து கேட்டு, கிடைத்தால் தங்கள் டீலரையே வரவழைக்கச் சொல்லலாம். தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஜாப் கார்டு எண்ணைச் சொல்லிப் புகார் பதிந்தால், அந்த ஆர்டரை மேலிருந்து ஒருவர் பார்க்க நேரும். பல பாகங்களை உண்மையில் செய்வது கார் நிறுவனம் அல்ல. கிளட்ச், பேரிங், ஃபில்டர், பிரேக் பேட் போன்றவற்றை அதற்குச் செய்து தரும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் மற்ற நகரங்களின் உதிரிபாகக் கடைத்தெருக்களிலும் இவை கிடைக்கும். விற்பனை நிறுத்தப்பட்ட பழைய மாடல்களுக்குப் புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பாகங்கள் கைகொடுப்பதுண்டு. கதவு, கண்ணாடி, விளக்கு, சீட் போன்றவற்றை அங்கே வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் சார்ந்த பழைய பாகங்களைத் தவிர்க்க வேண்டும். வாரண்டி உள்ள வண்டியில் வெளிப்பாகம் போடுவதற்கு முன், அந்தப் பகுதியின் வாரண்டி பாதிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சில காலங்களில் யார் விரட்டினாலும் பாகம் வராது. 2021-இல் உலகெங்கும் ஏற்பட்ட செமிகண்டக்டர் சிப் தட்டுப்பாட்டில் கார் உற்பத்தியே தடைபட்டது. அத்தகைய நேரத்தில் பழைய மின்னணு யூனிட்டைப் பழுதுபார்க்கத் தெரிந்த நிபுணர்களைத் தேடுவது பயன் தரும்.

காப்பீட்டால் வரும் தாமதம்

விபத்து வண்டிகளில் வொர்க்‌ஷாப்பும் காப்பீட்டு நிறுவனமும் ஒன்றையொன்று கைகாட்டுவது சகஜம். "சர்வேயர் வரலை" என்று இங்கே சொல்வார்கள். "எஸ்டிமேட் வரலை" என்று அங்கே சொல்வார்கள். உரிமையாளரே இரு பக்கத்துத் தேதிகளையும் குறித்து வைத்துக்கொண்டால் இந்த விளையாட்டு நடக்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் வெளியிட்ட விதிகளின்படி, இழப்பைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். பேசும்போது இந்தக் கெடுக்களைச் சுட்டிக்காட்டலாம்.

இடையில் நாட்கள் போகும் இடம் கூடுதல் எஸ்டிமேட். வெளியே தெரிந்த சேதத்துக்கு முதல் எஸ்டிமேட் போட்டு ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். பம்பரைக் கழற்றியதும் உள்ளே ரேடியேட்டர் சப்போர்ட்டும் வளைந்திருப்பது தெரியும். சர்வேயர் மறுபடி பார்க்க வேண்டும். அவர் முதலில் பார்க்க வரும் நாளிலேயே சேதப்பட்ட பகுதியைக் கழற்றிக் காட்ட ஏற்பாடு செய்தால் இரண்டாவது காத்திருப்பு மிச்சமாகும். தேய்மானக் கழிவில் உரிமையாளர் பங்கு எவ்வளவு என்பதும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இது தெரியாமல் டெலிவரி நாளில் பில் தொகையைப் பார்த்துத் திகைப்பதாலும் வண்டி இன்னும் சில நாள் நிற்கும்.

பழுதுபார்ப்புச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கணக்கிடப்படும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கு இந்தக் கேள்வியை முதல் வாரத்திலேயே எழுப்ப வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் ஒரே நேரத்தில் வொர்க்‌ஷாப்புகளுக்குப் போயின. வரிசையே வாரக்கணக்கில் நீண்டது. அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், தண்ணீர் நின்ற மட்டத்தைப் படமெடுத்து, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தவருக்கு கிளைம் எளிது. தண்ணீர் புகுந்த இன்ஜினை முடுக்கிப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளையலாம். அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காமல் போகலாம்.

காப்பீட்டு நிறுவனமே இழுத்தடித்தால் முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் உள்ளது. இது காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிரான வழி மட்டுமே. வொர்க்‌ஷாப்பின் தாமதத்தை அங்கே கேட்க முடியாது.

விசாரிக்கும் முறை

தினமும் போன் செய்வதைவிட, ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு தேதியை வாங்கி, அதை எழுத்தில் அனுப்பி, அந்தத் தேதியில் மறுபடி கேட்பது வேலை செய்யும். போனில் பேசியதையே வாட்ஸ்அப்பில் சுருக்கமாக அனுப்பலாம்:

"வணக்கம். மார்ச் 3 அன்று கார் விடப்பட்டது. ஜாப் கார்டில் டெலிவரி மார்ச் 10. ஸ்டீயரிங் ரேக் ஆர்டர் போட்டிருப்பதாகவும், 17-ஆம் தேதிக்குள் வரும் என்றும் இன்று போனில் சொன்னீர்கள். பாக எண்ணும் ஆர்டர் எண்ணும் அனுப்பவும். 17-ஆம் தேதி வராவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் தெரிவிக்கவும்."

இதில் கோபமில்லை, தேதிகள் மட்டுமே இருக்கின்றன. மறுக்கப்படாத இந்தச் செய்தி பிற்பாடு சான்றாகும். இரண்டு தேதிகள் தவறினால் சர்வீஸ் அட்வைசரைத் தாண்டி வொர்க்ஸ் மேனேஜரிடம் போக வேண்டும். அடுத்து டீலரின் சர்வீஸ் பிரிவுத் தலைவர், பிறகு தயாரிப்பு நிறுவனம். ஒரே நாளில் எல்லாருக்கும் எழுதினால் ஒருவர் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார். தாமதம் தங்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டால், மாற்று வண்டியோ கூலியில் தள்ளுபடியோ கேட்கலாம்; கேட்காமல் தருவது அரிது.

தெருமுனை மெக்கானிக்கிடம் விட்ட வண்டிக்கு இந்த ஏணி இல்லை. அங்கே ஜாப் கார்டுக்குப் பதில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும். "பசங்க ஊர்லேர்ந்து வந்ததும் முடிச்சிடலாம் சார்" என்பதில் தேதி இல்லை. "அண்ணே, லேத்துக்கு எப்போ போச்சு? எந்த லேத்?" என்று கேட்டு, நேரில் போய்ப் பார்ப்பதே வழி. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது மிக முக்கியம்: பாகத்துக்கு உண்டான தொகையை பில் பார்த்துக் கொடுக்கலாம், அல்லது பாகத்தை உரிமையாளரே வாங்கித் தரலாம், கூலியின் பெரும்பகுதி வண்டி ஓடிய பின்புதான்.

நிற்கும் காலத்தில் வண்டிக்குப் பாதுகாப்பு

வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும். நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும். திறந்தவெளியில் நின்றால் கண்ணாடிகள் மூடியிருக்கின்றனவா, பிரித்த இன்ஜின் மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலி வயரிங்கைக் கடிப்பது அடிக்கடி நடப்பது. டயர்களில் காற்றும் குறையும்.

காகிதங்களுக்கும் காலம் ஓடிக்கொண்டிருக்கும். பாலிசி முடியும் முன்பே ஆன்லைனில் புதுப்பித்துவிட வேண்டும். காலாவதியானால் மறுபடி வண்டியைப் பரிசோதித்த பிறகே முழுக் காப்பீடு தருவார்கள், பிரித்துப் போட்ட வண்டியைக் காட்டுவது எப்படி? 90 நாட்களைத் தாண்டினால் நோ கிளைம் போனஸும் போய்விடும். புகைச் சான்றிதழையும் வண்டி எடுத்ததும் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம்.

வேலை முடியாமலே வண்டியை எடுப்பது

நம்பிக்கை போய்விட்டால் வண்டியை வேறிடத்துக்கு மாற்றலாம். ஆனால் செய்த வேலைக்குக் கூலி கொடுக்காமல் எடுக்க முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, ஒரு பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவருக்கு, கூலி கிடைக்கும் வரை அதைத் தன்னிடம் வைத்திருக்க உரிமை தருகிறது. எனவே முடிந்த வேலைக்கு மட்டும் தனித்தனியாகப் பில் கேட்க வேண்டும். தொகையில் தகராறு இருந்தும் வண்டி அவசரம் என்றால், "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று பில்லில் எழுதிக் கட்டிவிட்டு வண்டியை எடுக்கலாம். திரும்பக் கேட்கும் உரிமை அதனால் போகாது. கழற்றிய பாகங்களைப் பட்டியலிட்டு எண்ணி வாங்கி, நின்ற நிலையில் படமெடுத்த பின்பே இழுவை வண்டியில் ஏற்ற வேண்டும்.

சட்டத்தின் வழி

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, காலம் குறிப்பிடாத வேலையையும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. 161-ஆவது பிரிவின்படி, தன் தவறால் உரிய காலத்தில் பொருளைத் திருப்பித் தராதவர், அதன் பிறகு அதற்கு நேரும் சேதத்துக்குப் பொறுப்பாவார். காரணமற்ற நீண்ட தாமதத்தை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம்.

முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915. இது தீர்ப்புச் சொல்லும் அமைப்பல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். பல பிரச்சினைகள் இங்கேயே முடியும். முடியாவிட்டால், விட்ட தேதி, சொன்ன தேதிகள், ஏற்பட்ட செலவு, கேட்கும் பரிகாரம், பதிலுக்கு 15 நாள் கெடு ஆகியவற்றுடன் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோராகக் கருதப்பட மாட்டார். ஆனால் சுயதொழிலாகத் தானே கால் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்த விலக்கு தடையாகாது. அப்படிப்பட்டவர் வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பைக் கேட்கும்போது, முந்தைய மாதங்களின் டிரிப் கணக்கு வேண்டும். சொந்த உபயோகக் கார் என்றால் வாடகைக் கார், ஆட்டோ ரசீதுகள் வேண்டும். ரசீது இல்லாத செலவைப் பெறுவது கடினம்.

டெலிவரி எடுக்கும்போது

பல நாள் இழுத்த வண்டி கடைசியில் அவசரமாகத் தயாராகும். மாலை ஆறு மணிக்கு மேல் டெலிவரி என்பார்கள். பகல் வெளிச்சத்தில் எடுப்பதே நல்லது, குறிப்பாகப் பெயிண்ட் வேலை பார்த்த வண்டியை. ஜாப் கார்டில் எழுதிய ஒவ்வொரு குறையையும் வரிசையாகச் சோதித்து, சர்வீஸ் அட்வைசரையோ மெக்கானிக்கையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடோமீட்டரை விட்ட நாள் படத்தோடு ஒப்பிட வேண்டும். மாற்றிய பாகங்கள் எண்ணோடு பில்லில் உள்ளனவா, அவற்றுக்கும் வேலைக்கும் எத்தனை மாதம் உத்தரவாதம் என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும். விட்டுப்போன சிறு வேலை இருந்தால் அதையும், அதற்கான தேதியையும் பில்லிலேயே எழுதி வாங்கிவிட்டால் கணக்கு முடிந்தது.